பத்து நிமிடத்தில் பச்சை

"அடடா, என்ன பச்சை பாரு" என்றார் கணக்கு வாத்தியார், முதல் வண்ணக் கண்ணாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்து.

மனைவியும் அண்ணாந்து பார்த்தாள். பக்கத்தில் நின்ற தொப்பிக்காரர்தான் சொன்னார். "சார், அது சிவப்பு."

சிவப்பும் பச்சையும் வாத்தியார் கண்ணுக்கு ஒன்றுதான். முப்பது வருடமாக மனைவியிடம் மூடி மறைத்த சங்கதி அது. அவள் புதிதாக எதை உடுத்தி வந்தாலும், "இந்தக் கலர் உனக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லியே பழகிவிட்டார். குட்டு வெளிப்பட்டால் அத்தனை பாராட்டும் பொய்யாகிவிடுமே என்று பயம். நிஜமாகவே அவள் எடுப்பாகத்தான் இருந்தாள். அதை இனி எப்படி நம்ப வைப்பது?

இந்தப் பழைய கோதிக் பாணித் தேவாலயத்தைப் பார்க்க அவள் ஆசைப்பட்டதும், கையேடு ஒன்றை வாங்கி, முதல் ஜன்னல் பச்சை, கடைசி ஜன்னல் சிவப்பு என்று வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டு வந்திருந்தார். பெரிய வாசலில் பழுதுபார்ப்பு வேலை, பின்வாசல் வழியாகத்தான் விடுவார்கள் என்று கையேட்டில் போடவில்லை.

"இப்ப சிவப்புதான்" என்று சமாளித்தார். "வெயில் ஏறினா பச்சையாயிடும். பழைய கண்ணாடியோட குணம் அது. பத்து நிமிஷம் பொறுங்க."

தொப்பிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தே விட்டார். "எல்லாரும் வாங்க, கலர் மாறப்போகுதாம்" என்று தன் குடும்பத்தையும் கூப்பிட்டார். கூட்டம் சேர்ந்தது. ஓர் அம்மாள் படம் பிடிக்கக் கைபேசியைத் தூக்கினாள். வாத்தியார் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் ஜன்னலையே முறைத்துக்கொண்டு நின்றார். முதுகுக்குப் பின்னால் ஏதோ முணுமுணுப்பு கேட்டது.

பத்து நிமிடம் ஆயிற்று.

"ஆமா சார், பச்சையாயிடுச்சு" என்றார் தொப்பிக்காரர்.

"நல்ல பச்சை" என்றாள் கைபேசி அம்மாள்.

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அற்புதங்களில்கூட நம்பிக்கை வந்துவிட்டது. மனைவி கை கழுவப் போன நேரத்தில், அவளுக்காக அந்த ஜன்னலின் படம் ஒன்று வாங்க வாசல் கடைக்கு நடந்தார்.

கடைப் பெண் படத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், நீங்களும் கொஞ்சம் ஒத்துழைங்க. உள்ள ஒரு வாத்தியார் இருக்காராம், அவருக்குக் கலர் தெரியாதாம். அவர் எதைச் சொன்னாலும் ஆமான்னு சொல்லிடுங்கன்னு அவரோட வீட்டம்மா ஒவ்வொருத்தர்கிட்டயா கெஞ்சிட்டுப் போறாங்க. கல்யாணமான நாள்லேர்ந்து, போற இடமெல்லாம் அவங்களுக்கு இதே வேலையாம்."