வால் முளைத்த கையெழுத்து

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம். சமையலறைக் குழாய் மட்டும் ஓயாமல் அழுதுகொண்டிருக்கிறது.

ஒரு விஷயம். அதை நீங்கள் பிறர் வாயால் கேட்கக் கூடாது என்று நானே எழுதுகிறேன். எனக்குப் பதினெட்டு முடிந்த கையோடு உங்கள் நண்பரின் தரகு அலுவலகத்தில் நீங்கள் தொடங்கித் தந்த பங்குக் கணக்கை இப்போது வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டேன். உங்கள் இத்தனை வருட நட்பில் கல்லெறிந்துவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. அவர்மேல் ஒரு குறையும் இல்லை மாமா. பங்கு ஏறினாலும் இறங்கினாலும் தினமும் காலையில் போன் செய்து "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பார், அவ்வளவுதான். பொறுத்திருக்க எனக்கே தெரியுமே, அதற்கு எதற்கு வருடாவருடம் கட்டணம் என்று தோன்றிவிட்டது.

பங்குகளைத் தனித்தனியாக மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் கட்டணமாம். பழைய கணக்கை மூடி, மொத்தத்தையும் என் பெயரிலேயே உள்ள புதுக் கணக்குக்கு அனுப்பினால் இலவசமாம். சரி, மூடிவிடுவோம் என்று படிவத்தை நிரப்பி, புதுக் கணக்கின் அத்தாட்சியையும் இணைத்து, உங்கள் நண்பர் சாப்பிடப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத் திருடிபோலப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், என் கையெழுத்து பழையதோடு சேரவில்லை என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். கணக்குத் தொடங்கிய அன்று, அப்போது படித்த புத்தகங்களின் போதையில், எழுத்தாளர்கள் இப்படித்தான் போடுவார்கள் என்று நினைத்து, கடைசி எழுத்திலிருந்து ஒரு வாலை இழுத்துச் சுழற்றியிருக்கிறேன். இப்போது நான் போடுவது வெறும் கோடு.

"அது நான்தாங்க."

"நீங்கதான்னு தெரியுது மேடம். கையெழுத்துதான் நீங்க இல்லை."

கையெழுத்தை மாற்றத் தனிப் படிவம் உண்டாம். அதில் பழைய கையெழுத்தைப் போட வேண்டுமாம். வீட்டுக்கு வந்து செய்தித்தாள் ஓரமெல்லாம் வால் வரைந்தேன். யார் கையெழுத்தை இப்படித் திருடுகிறாய் என்று அம்மா கேட்டாள். என்னுடையதைத்தான் என்றேன், அவள் நம்பவில்லை.

மறுபடி போனபோது வசமாக மாட்டிக்கொண்டேன். உங்கள் நண்பர் உள்ளேயிருந்து வந்து படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வாலைக் கீழேருந்து இழுக்கிறியேம்மா, அதான் வரலை. மேலேருந்து இழு. அன்னிக்கு நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்." இழுத்தேன். அச்சு அசலாக வந்தது. அவரை விட்டுப் போக அவரே வழி காட்டிய வெட்கத்தில், மாமாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவர் ஏனோ சிரித்தார்.

பங்குகள் ஒன்றும் சிதறாமல் வந்து சேர்ந்துவிட்டன. மனசு லேசாக இருக்கிறது, உங்களை நினைக்கும் நேரம் தவிர. பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடுங்கள். அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் நண்பரிடமிருந்து போன். நான் வாடிக்கையாளராக இல்லாவிட்டாலும் பழக்கம் விடவில்லையாம். போகிற போக்கில் சொன்னார்: "மாமாகிட்ட ரொம்பப் பயந்துக்காதேம்மா. அவரே தன் கணக்கை மாத்திட்டுப் போய் மூணு வருஷமாச்சு. உன்கிட்ட சொல்லக் கூச்சமா இருக்குன்னாரு." ஆகவே, மேலே நான் கேட்ட மன்னிப்பு முழுவதையும் உடனே என் கணக்குக்கு மாற்றிவிடவும். மாற்றுக் கட்டணம் உங்களுடையது.