கருவண்டுக்கு ஒரு போட்டோ

"டிரில் மெஷின் வெச்சிருக்கறது யாரு? நீங்கதானே?" என்று போனில் கேட்டார் வீட்டுக்காரர்.

லிஃப்ட் மெக்கானிக் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. வாரமெல்லாம் ஊரார் லிஃப்டுக்காக மாடி ஏறி இறங்கிய கால்கள். இன்று கட்டிலை விட்டு இறங்குவதாக இல்லை. ஆனால் தோட்டத்துப் பந்தலின் மரத்தூண்களில் வட்ட வட்டமாக ஓட்டைகள். நேற்று வந்தபோது வீட்டுக்காரர் அதைப் பார்த்துத் தொலைத்துவிட்டார்.

"சார், அது நான் போட்டதில்ல. பெரிய கருவண்டு. மரத்தைக் குடைஞ்சு உள்ளயே குடித்தனம் நடத்துது."

"எனக்கு வாடகை குடுக்காமலா? சாயங்காலம் வர்றேன். வண்டு ஓட்டைக்குள்ள போற போட்டோ இருக்கணும். இல்லன்னா வேற வீடு பாருங்க."

"இன்னொரு தடவை சாமான் கட்ட எனக்குத் தெம்பில்ல" என்றாள் மனைவி. அவருக்கும்தான் இல்லை. எழுந்தார்.

கட்டைவிரல் பருமனில் ஒரு வண்டு முகத்துக்கு நேரே நின்று முறைத்தது. போனைத் தூக்கியதும் பறந்தது. முதல் படத்தில் வானம், இரண்டாவதில் அவர் விரல், மூன்றாவதில் கறுப்பாக ஏதோ.

"இதென்ன, மை கொட்டினதா?" என்று எட்டிப் பார்த்தாள் மனைவி.

"வண்டு."

"அவர் நம்பிட்டுத்தான் மறுவேலை!"

மதில்சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு டிராயிங் மாஸ்டரின் தலை தெரிந்தது. "தம்பி, கீழ நின்னா சரிப்படாது. என் ஏணியை எடுத்துக்கங்க."

ஏணியைத் தூணில் சாய்த்து இரண்டு படி ஏறினார். உள்ளே பொத்தலாகியிருந்த தூண் படக்கென்று முறிந்தது. பந்தல் ஒரு பக்கம் இறங்க, அவர் கீழே குதிக்க, வண்டுகள் திரண்டு வெளியே வந்தன.

"முகத்துக்கு இதை மாட்டிக்கங்க!" மாஸ்டர் ஹெல்மெட்டை நீட்டினார்.

மூச்சுக்காற்றில் ஹெல்மெட் கண்ணாடி மங்கியது. குருடனாகப் பின்னால் நடந்தவர் கொடிக்கயிற்றில் சிக்கி, ஈரப் போர்வையோடு சுருண்டு, அடுத்த தூணையும் சாய்த்துக்கொண்டு விழுந்தார்.

"போர்வையை மறுபடி துவைக்கணும்" என்றாள் மனைவி.

எழத் தெம்பில்லாமல் மண்ணிலேயே கிடந்தார். அப்போது ஒரு வண்டு நிதானமாக வந்து, விழுந்த தூணின் ஓட்டையில் பாதி உடம்பை நுழைத்தது. படுத்தபடியே போனை நீட்டி அழுத்தினார். இறக்கையின் நீலப் பளபளப்புவரை துல்லியமாக விழுந்தது படம்.

சாயங்காலம் வீட்டுக்காரர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பந்தலைப் பார்த்தார்.

"ஓட்டை போட்டது வண்டு. ஒத்துக்கறேன். பந்தலைச் சாய்ச்சதும் வண்டுதானா?"

மாஸ்டர் குறுக்கே வந்தார். "சார், பந்தலை நான் புதுசா போட்டுத் தர்றேன். இவரைக் காலி பண்ணச் சொல்லாதீங்க, பாவம்."

வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். மெக்கானிக் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாஸ்டர், கூடப்பிறந்தவங்ககூட இவ்வளவு செய்ய மாட்டாங்க."

சுவருக்கு அப்பாலிருந்து மாஸ்டரின் மனைவி குரல் கொடுத்தாள்: "ஏங்க, வண்டு குடைஞ்ச நம்ம பழைய கட்டையை வண்டோட அவங்க தோட்டத்துல தூக்கிப் போட்டீங்களே, அதைச் சொல்லிட்டீங்களா, இல்ல பந்தலோட சரிக்கட்டிடலாம்னு பார்க்கறீங்களா?"