மூச்சு சாரின் இரண்டு மேசைகள்

"பணியாளர் மனநலத் துணைவர்: பொறுமையுடன் செவிமடுப்பவர், உளைச்சலின் வேரைக் கண்டறிபவர், அதைக் களைய உரிய அலுவலரிடம் உடனே எடுத்துச் செல்பவர்."

மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் அறிவிப்புப் பலகையில் இப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு புகைப்படம். படத்தில் இருப்பவரை எல்லோரும் மூச்சு சார் என்பார்கள். தாளுக்கும் படத்துக்கும் உள்ள உறவு பசையோடு முடிந்துவிடுகிறது.

வாசகரே, உலகத்தில் கல்நெஞ்சர்கள் உண்டு, இளகிய நெஞ்சர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு: உங்கள் காலை மிதித்துக்கொண்டே, "ஐயோ, ரொம்ப வலிக்குதா?" என்று உருகிக் கேட்கும் இனம். நடிப்பென்று நினைக்காதீர்கள். உண்மையாகவே உருகுவார்கள். காலை மட்டும் எடுக்கமாட்டார்கள்.

மூச்சு சாருக்கு அசல் வேலை ஷிப்ட் பட்டியல் போடுவது. யார் காலை ஐந்து மணிக்கு வரவேண்டும், யார் ஒன்பதுக்கு வரலாம் என்று பதினேழு வருடமாகக் கட்டம் போட்டு எழுதிவருகிறார். துணைவர் பதவி போன வருடம்தான் வந்து சேர்ந்தது. அரைநாள் பயிற்சிக்கு ஓர் ஆளை அனுப்பச் சொன்னார்கள். மற்ற எல்லோருக்கும் அவரே ஷிப்ட் போட்டுவிட்டிருந்ததால் கூடத்தில் சும்மா இருந்தவர் அவர் ஒருவர்தான்.

பயிற்சியிலிருந்து ஒரு பச்சை பேட்ஜ், "மூச்சை மெதுவா இழுங்க" என்ற வாக்கியம், "துணைவரிடம் சொல்வது வேறு எந்தப் பிரிவுக்கும் தெரியக்கூடாது" என்ற விதி ஆகியவற்றோடு திரும்பினார். அறைக்குள் இரண்டாவது மேசை வந்தது. அதன்மேல் டிஷ்யூப் பெட்டி, பிளாஸ்டிக் செடி, சிரிக்கும் சூரியன் படம். பட்டியல் மேசைக்கும் அதற்கும் நான்கடி தூரம். புது மேசைக்குப் போகும்போது பேட்ஜைக் குத்திக்கொள்வார், பழைய மேசைக்குத் திரும்பும்போது கழற்றுவார். குரலும் கூடவே மாறும். பழைய மேசையில் யாராவது வாய் திறந்தால், "மனக்கஷ்டமெல்லாம் அந்த மேசைல சொல்லுங்க!" என்று பிளாஸ்டிக் செடியைக் காட்டுவார். போன மாதம் ஓய்வின் அவசியத்தைப் பற்றி ஓர் உரைக்கு ஏற்பாடு செய்தார். ஓய்வு நாளில். வருகை கட்டாயம்.

ஒரு திங்கட்கிழமை, துணி மடிக்கும் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கும் மடிப்பக்கா வந்து டிஷ்யூ மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஆறு வாரமா அஞ்சு மணி ஷிப்ட் சார். வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வரவே ராத்திரி பதினொண்ணு ஆகுது. எனக்குத் தூக்கமே இல்ல. நேத்து தலையணை உறை ஒண்ணு கொறஞ்சதுக்கு நின்ன எடத்துலயே அழுதுட்டேன். ஒரு உறைக்கு சார்!"

மூச்சு சாரின் கண்கள் கலங்கின. இருவரும் டிஷ்யூவைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

"மூச்சை மெதுவா இழுங்கம்மா. நாலு வரைக்கும் எண்ணுங்க. இப்ப விடுங்க."

இழுத்தார். விட்டார். ஐந்து மணி அசையாமல் அங்கேயே இருந்தது.

"காரணம்: தொடர்ந்து அதிகாலை ஷிப்ட்" என்று மூச்சு சார் படிவத்தில் அழகாக எழுதினார். உறையில் போட்டு ஒட்டினார், அலமாரியில் பூட்டினார். பேட்ஜைக் கழற்றி, நான்கடி நடந்து, போன வாரப் பட்டியலைப் பார்த்து அடுத்த வாரப் பட்டியலை எழுதினார். ஐந்து மணிக் கட்டத்தில் மறுபடியும் மடிப்பக்கா.

கொடுமை என்கிறீர்களா? இல்லை, நேர்மை. துணைவர் கேட்டதைப் பட்டியல்காரர் தெரிந்துகொண்டால் அது நம்பிக்கைத் துரோகமல்லவா? அன்று வீட்டில் மனைவி, "என்னங்க, முகமே சரியில்ல?" என்றதற்கு, "ஒருத்தங்க கஷ்டத்தக் கேட்டேன், சாப்பாடே எறங்கல" என்றார். யாருடைய கஷ்டம் என்று மூச்சு விடவில்லை. கட்டிய மனைவிக்கே சொல்லாத மனிதர் தனக்கா சொல்லிக்கொள்வார்?

வெள்ளிக்கிழமை மடிப்பக்கா ராஜினாமாக் கடிதத்தோடு வந்து அதே டிஷ்யூ மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வேலைய விடுறேன் சார். விட மனசே இல்ல, உடம்புதான் கேக்கமாட்டேங்குது."

மூச்சு சார் பதறி டிஷ்யூவை நீட்டினார். "மூச்சை மெதுவா..."

"மூச்சு நல்லாத்தான் சார் வருது, தூக்கம்தான் வரல! ஷிப்ட் போடுறதே நீங்கதான?"

"அது வேற செக்‌ஷன்மா" என்றார் மூச்சு சார், பரிவு குறையாமல். "இங்க சொன்னத நான் அங்க சொல்லக்கூடாது."

மடிப்பக்கா எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பட்டியல் மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"அந்த பேட்ஜக் கழட்டி வச்சுட்டு வாங்க சார். இது மனக்கஷ்டம் இல்ல, ஷிப்ட் கஷ்டம்."

அவர் வந்தார். ஆறு வாரம், பதினொரு மணி, தலையணை உறை என்று மடிப்பக்கா எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். வாசலில் கையெழுத்துக்காகக் காத்திருந்த நெட்டையர், அதே மடிப்பு வேலையை ஒன்பது மணி ஷிப்டில் செய்பவர், தலையை உள்ளே நீட்டினார்.

"அஞ்சு மணியா? எனக்குக் குடுங்க சார். மதியமே கெளம்பிட்டா புள்ளைய ஸ்கூல்லருந்து கூட்டிட்டுப் போவேன். போன மாசமே சொன்னேனே!"

"எங்க சொன்னீங்க?"

"இங்கதான். அந்த மேசைல."

மூச்சு சார் டிஷ்யூவுக்காகக் கையை நீட்டினார். பெட்டி நான்கடி தள்ளி இருந்தது. எதிரே இரண்டு பேர், நடுவே ஒரு பட்டியல். அவ்வளவுதான் இருந்தது.

சிரிக்கிறீர்களா, வாசகரே? கொஞ்சம் பொறுங்கள். வீட்டிலோ வேலையிடத்திலோ யாரிடமாவது, "ஏன் டல்லா இருக்க?" என்று அன்பொழுகக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் இன்னொரு வேலையை அவர் கையில் திணித்திருக்கிறீர்களா? திணித்திருந்தால் நீங்களும் இந்த இனம்தான். கண்ணாடியில் தெரியாது, கூட இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். உண்மையைச் சொல்வார்களா என்பது அவர்களுக்கு உங்களிடம் எவ்வளவு பயம் என்பதைப் பொறுத்தது.

மூச்சு சார் அன்றைக்குச் செய்தது இதுதான்: ரப்பரை எடுத்து, ஐந்து மணிக் கட்டத்தில் ஒரு பெயரையும் ஒன்பது மணிக் கட்டத்தில் ஒரு பெயரையும் அழித்தார், இடம் மாற்றி எழுதினார். அரை நிமிடம் ஆனது.