ஆர்க்னி பிரபுவும் எட்டு வண்டிப் பங்காளிகளும்

அரியலூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி பாலசுந்தரத்துக்கு,

அண்ணி தேவயானியின் ஆசிகள். அபர்டீனில் மகள் வீட்டில் எல்லோரும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வெயிலைத் தவிர வேறு குறை இல்லை.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். சாம்பாரில் விஷம் என்று நான் சொல்லவே இல்லை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ அப்படிப் போட்டு, அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் சிரித்தும் வைத்திருக்கிறார்களாம். கோயில் மண்டபத்தில் நான் சொன்னது ‘கத்தியைக் கீழே வை’ என்பது மட்டும்தான். அதையும் ‘தயவுசெய்து’ சேர்த்துத்தான் சொன்னேன். சமையல்காரரைக் கண்டு ஓடினேன் என்பதும் பொய். வேகமாக நடந்தேன். கான்வென்டில் சேர்ந்த நாளிலிருந்து நான் எங்கேயும் ஓடியதில்லை. இங்கிலாந்தில் ஒரு தீவுக்கு நான்தான் ராணி என்று சொல்லித் திரிவதாக வேறு ஒரு பேச்சு. ஆர்க்னி இங்கிலாந்தில் இல்லை, ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கிறது. அதற்கென்று இருந்தது பிரபு பட்டம், ராணி பட்டம் இல்லை. புறம் பேசுகிறவர்கள் ஊரையாவது சரியாகச் சொல்லக் கூடாதா?

உங்கள் அண்ணனுக்குத் தலைத்திவசம் முடிந்து வருகிற முதல் தேர் இது. மாரியம்மன் தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது பரிவட்டத்தைத் தலையில் கட்டி முதல் மரியாதை செய்வது நம் வீட்டுக்குத்தான். துக்க வருடம் என்பதால் போன முறை பட்டுத்துணி தட்டிலேயே கிடந்தது. ஆண் வாரிசு இல்லாத வீடு, நீங்களும் கடல் தாண்டி இருக்கிறீர்கள், அதனால் இனி மரியாதை உங்கள் சித்தப்பா மகன் பழனிவேலுக்குத்தான் என்று ஊரில் முணுமுணுப்பு. எனக்காக நான் எதுவும் கேட்கவில்லை, தம்பி. எனக்கு இருக்கிற மரியாதையே எனக்குப் போதும். பெரம்பலூரில் கால்நடை மருத்துவராக இருக்கும் அனுசுயாவுக்கு அவள் அப்பாவின் பரிவட்டம் போக வேண்டும் என்றுதான் தர்மகர்த்தாவிடம் பேச்சு வார்த்தைக்கு நாள் கேட்டேன். ஒரு தரப்புக்கு இரண்டு வண்டிக்கு மேல் ஆள் வரக்கூடாது என்று அவரே சொன்னார்.

அந்தச் சமயத்தில் பார்த்து நீங்கள் ஆர்க்னிக்குச் சுற்றுலா போய், அங்கே வாங்கிய பிரபுக்கள் வரலாற்றுப் புத்தகத்தை எனக்கு அனுப்பினீர்கள். அதனால் நடந்த எல்லாவற்றிலும் உங்களுக்கும் பங்கு உண்டு. நார்வே ராஜா ஒருவர் அந்தத் தீவுகளை ஒரு பிரபுவுக்குக் கொடுக்க, அவர் அதைத் தம்பிக்குக் கொடுக்க, அந்தத் தம்பி எதிரியின் தலையை வெட்டிக் குதிரைச் சேணத்தில் கட்டிக்கொண்டு வர, அந்தத் தலையின் பல் இவர் காலில் கீறி, சீழ் பிடித்துச் செத்தே போனார். ஆரம்பமே இப்படி. அதன்பிறகு தலைமுறை தலைமுறையாக அண்ணன் தம்பிகள் பட்டத்தைப் பாதி, மூன்றில் ஒன்று என்று பங்கு போட்டு வெட்டிக்கொண்டார்கள். பின்னால் நார்வேயையும் சேர்த்து ஆண்ட டென்மார்க் ராஜா, மகளை ஸ்காட்லாந்து ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்தபோது, சீர் கொடுக்கக் கையில் இல்லாமல் தீவுகளையே அடகு வைத்தார், மீட்கவில்லை. நம் பக்கத்தில் நகையோடு நிற்கும். ஆனால் தம்பி, எனக்கு வேண்டியது அந்தப் புத்தகத்தில் இருந்தது. மேக்னஸ் பிரபு இறந்தபின், அவருடைய தங்கை மகன் தாய்வழி உரிமையைச் சொல்லியே பட்டத்தைப் பெற்றார். பல நூற்றாண்டு கழித்து அந்தப் பட்டத்தைப் புதிதாக உண்டாக்கியபோது, முதல் பிரபுவுக்குப் பிறகு அடுத்தடுத்து மூன்று பெண்கள் அதை வகித்தார்கள். கடல் பொங்கித் தீவு முழுகிவிடவில்லை. நான்கு பக்கத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

ஆனால் அதே மேக்னஸ் எப்படி இறந்தார் என்றும் படித்துத் தொலைத்திருந்தேன். மேக்னஸும் ஹாகோனும் ஒருவருக்கொருவர் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள், அசல் பங்காளிகள். ஒரு தீவில் கூடி சமாதானம் பேசலாம், ஆளுக்கு இரண்டு கப்பல்தான் என்று ஒப்பந்தம். மேக்னஸ் இரண்டோடு வந்தார், ஹாகோன் எட்டோடு வந்தார். மேக்னஸைக் கொல்லத் தன் கொடி பிடிப்பவன் மறுத்துவிட, ஹாகோன் தன் சமையல்காரனை ஏவினார். அவன் அழுதுகொண்டே கோடரியை ஓங்கினான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அனுசுயா சினை மாட்டுக்குப் பிரசவம் என்று போய்விட்டதால், நான் தனியாக ஒரே ஆட்டோவில் போய் மண்டபத்தில் இறங்கினேன். சற்று நேரத்தில் புழுதி கிளம்பியது. வேன், கார், மினி லாரி என்று வரிசையாக வந்து நின்றன. எண்ணினேன். எட்டு! அத்தனையிலும் பழனிவேலின் ஆட்கள். கடைசி வண்டியிலிருந்து ஒரு பெரிய அண்டா இறங்கியது, பின்னாலேயே சமையல்காரர் வைரக்கண்ணுவும் இறங்கினார். நான் பேசாமல் கோயிலுக்குள் போய் அம்மன் எதிரில் உட்கார்ந்தேன். மேக்னஸும் இப்படித்தான் கோயிலுக்குள் போனார் என்பது உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. உடனே வெளியே வந்தேன். வந்தால், வாசலிலேயே வைரக்கண்ணு. கையில் அரிவாள் அளவுக்குக் கத்தி. கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

‘தயவுசெய்து கத்தியைக் கீழே வை’ என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் கத்தியைப் போட்டார், இடுக்கியிருந்த பூசணிக்காயையும் போட்டார். அது படியில் உருண்டு போய் உடைந்தது.

“ஆத்தாடி, நான் என்னங்கம்மா பண்ணுனேன்? நீங்க வெங்காயம் சேப்பீங்களா மாட்டீங்களான்னு கேக்கத்தானே வந்தேன்!” என்றார் வைரக்கண்ணு. அதுவரை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பழனிவேலின் மனைவி சாந்தா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். “ஏன்க்கா, பூசணிக்காய வெட்ட வந்தவன் உங்கள வெட்ட வந்தான்னு நெனச்சீங்களா? ஒங்கள வெட்டிட்டு நாங்க யாருகிட்டத் திட்டு வாங்குறது?”

கூட்டம் மொத்தமும் சிரித்தது. விளக்கம் சொல்லாமல் விடுவது என் பழக்கமில்லை. குறிப்பை எடுத்து ஆர்க்னி வரலாறு முழுவதையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். நல்ல அமைதியாகக் கேட்டார்கள். முடித்ததும் வைரக்கண்ணு மட்டும், “அந்தச் சமையக்காரனுக்கு அப்பறம் என்னாங்க ஆச்சு?” என்று கேட்டார். செத்தவரின் மேல்சட்டையைக் கொடுத்தார்கள் என்றேன். “அதான பாத்தேன். கூலியில்லாம எவன் செய்வான்” என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

பிறகுதான் பழனிவேல் வாயைத் திறந்தார். “அண்ணி, மரியாதைய விட்டுக் குடுக்கறதுன்னா பங்காளிங்க அத்தன பேரும் சாமி முன்னாடி நின்னு சம்மதம்னு சொல்லணும். அப்பத்தான் செல்லும். அதுக்குத்தாங்க எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கிட்டு வந்தேன். எனக்கு மூட்டு தேஞ்சு போச்சு, தேருக்கு முன்னாடி வெறுங்கால்ல நாலு வீதி எங்க நடக்குறது? அண்ணன் பொண்ணே வாங்கிக்கட்டும். இதுக்கு எதுக்குங்க கப்பல்ல ஆள் கூட்டிட்டு வர்றீங்க?”

வெட்ட வந்த கூட்டமென்று நான் எண்ணியது, விட்டுக்கொடுக்க வந்த கூட்டம். ஒவ்வொருவராக அம்மன் முன்னால் நின்று சம்மதம் சொன்னார்கள். நீங்கள் அண்ணனின் காரியத்தன்றே ‘அனுசுயாவுக்குத்தான்’ என்று எல்லோர் முன்னிலும் சொல்லியிருந்ததால் உங்கள் குரலும் கணக்கில் சேர்ந்தது. தம்பி, நெஞ்சில் ஒரு வருடமாக ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் அப்போதே இறங்கிவிட்டது. எடுத்துவைத்த வாதங்களில் பாதி பயன்படாமல் போனதில் சிறு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. வைரக்கண்ணுவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை என்று சாந்தா குறை சொல்கிறாளாம். இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சமையல்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்து, உங்கள் அண்ணன் போனபிறகு முதல்முறையாக மத்தியானம் தூங்கினேன்.

ஆகவே கவலை வேண்டாம். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. மரியாதை என் மகளுக்கு. எனக்கு அதில் எந்த ஆசையும் இல்லை. மாரியம்மன் கடல் தாண்டியும் உங்களைப் பார்த்துக்கொள்வாள். பிள்ளைகள் தமிழ் எழுதிப் பழகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி,
தேவயானி.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் அனுசுயா வந்துவிட்டாள். “நான் கேட்டனாம்மா? தேரன்னைக்குக் குன்னத்துல எனக்குத் தடுப்பூசி முகாம். பரிவட்டத்தக் கட்டிக்கிட்டு மாட்டுக்கு ஊசி போடச் சொல்றியா? ஆசப்படுறது நீ. நீயே வாங்கிக்க” என்று பழனிவேலுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அவர் முனகாமல் எட்டு வண்டியையும் மறுபடி கிளப்பினார். மண்டபத்தில் யாரோ ஒருவர், “தாலி எறக்குனவுங்க தலையில பரிவட்டமா?” என்று இழுத்தார். சாந்தா அவரை முடிக்க விடவில்லை. “அவுங்க தலையிலதான கட்டப் போறோம்? ஒன் தலையிலயா கட்டுறோம்? ஒனக்கு என்னய்யா கனக்குது?” என்றாள். அதற்குப் பிறகு அத்தனை பேரும் சம்மதம் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்தேன். வாயில் ‘சரி’ என்று வந்துவிட்டது. ஆகையால், எனக்கு ஆசை இல்லை என்று மேலே எழுதியிருக்கும் இடங்களை எல்லாம் தயவுசெய்து அடித்துவிடவும்.

அனுசுயாவுக்கு நீங்கள் சொன்ன சம்மதம் எனக்குச் செல்லாது. சொல்லாமல் பாக்கியிருக்கும் பங்காளி நீங்கள் ஒருவர்தான். போனில் சொல்வதையும், கட்டைவிரல் படம் அனுப்புவதையும் தர்மகர்த்தா ஏற்க மாட்டார். நானும் ஏற்க மாட்டேன். தேருக்கு முன் வந்து சேரும்படி, உங்கள் அண்ணி பரிவட்டம் கட்டிக்கொள்வதில் உங்களுக்குச் சம்மதமா இல்லையா என்று, உங்கள் கையால் எழுதித் தபாலில் பதில் அனுப்பவும்.