மெஷின் நிற்கிறது என்பதன் பொருள்

இரகசியத்தைக் காப்பதற்கென்றே படைக்கப்பட்ட மொழி உலகில் ஆங்கிலம் ஒன்றுதான் என்ற பேருண்மையை மனித குலத்துக்கு அருளியவர் அரியலூர் செல்லதுரை. பி.ஏ. ஆங்கிலத்தை மூன்று முறை எழுதியவர். ஒரே முறையில் தேறியவர்களைவிட மூன்று மடங்கு படித்தவர் என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாயவன் சைக்கிள் கடை மாடியில், 'சர்வதேச ஆங்கிலப் பேச்சுக் கழகம்' நடத்திவந்தார். சிறுவாச்சூரிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்ததுதான் அதுவரையிலான சர்வதேசம். 1981-இல் அந்தக் குறை தீர்ந்தது. பிரான்சே மாடியேறி வந்தது.

வந்தவர் பெயர் பெர்னார். பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில், புகைபோக்கியின் தூசியைப் பிடிக்கும் மெஷினைப் பொருத்த வந்த இஞ்சினியர். பிரெஞ்சு சரளம், ஆங்கிலம் திருகாணி, நட்டு அளவுக்கு. ஆலை மேனேஜர் செல்லதுரையைத் தனியே அழைத்துச் சொன்னார்:

"இந்த ஆளு பாக்குறவங்ககிட்டயெல்லாம் பேச்சுக் குடுக்குறாரு சார். எது ஆபீஸ் இரகசியம், எது ஊர் வம்புன்னு மட்டும் இங்கிலீஷ்ல புரிய வைங்க. மத்த இங்கிலீஷ் வேணாம். அடுத்த வருஷம் நம்ம ஸ்கூலுக்கு ஒரு இங்கிலீஷ் வாத்தியார் வேணும், ஞாபகம் இருக்கட்டும்."

செல்லதுரைக்கு ஞாபகசக்தி அதிகம். மறுநாளே வகுப்பு தொடங்கிவிட்டது.

"பையிலிருந்து பூனையை விட்டுவிட்டான் என்றால்?"

"எந்தப் பூனை?" என்றார் பெர்னார்.

"பூனையே கிடையாது, முசே. இரகசியம் வெளியே வந்துவிட்டது என்று பொருள்." 'முசே' என்றால் பிரெஞ்சில் 'சார்'; செல்லதுரைக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

அடுத்த பாடம், 'அவரையைக் கொட்டினான்'. மற்ற மாணவர்களுக்காகப் பலகையில் தமிழிலும் எழுதிப் போட்டிருந்தார். காற்றடிக்கும் பம்ப்பை எடுக்க மேலே வந்த மாயவன் அதைப் படித்துப் பதறிவிட்டார். "அய்யய்யோ! வெள்ளைக்காரரையா தேள் கொட்டிடுச்சு?"

"அது அவரைக்காய்யா! இரகசியத்தை உளறிட்டான்னு அர்த்தம்."

செல்லதுரை சாக்பீஸை உயர்த்தி விதியை அறிவித்தார்: "ஆங்கிலத்தில் சொல்வது ஒன்று, அர்த்தம் வேறொன்று. அதற்குப் பெயர் இடியம்."

"எங்கள் ஊரில் அதைப் பொய் என்போம்" என்றார் பெர்னார். பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிநுட்பம் போதாது.

இதற்கிடையில் மெஷின் பொருத்தப்பட்டது. அழகான மெஷின். ஆனால் கரண்டைக் குடித்தது. ஆகவே ஆலை நிர்வாகம் ஓர் அரிய சிக்கன முறையைக் கைக்கொண்டது: மேலதிகாரிகள் வரும் நாளில் மட்டும் ஓட்டுவது. மற்ற நாட்களில் தூசி தன் விருப்பம்போல், ஆலையை ஒட்டியிருந்த காத்தாயியின் மிளகாய்க் கொல்லையில் இறங்கியது. அவள் வீட்டுக்காரர் செல்லக்கண்ணு இருமி இருமிக் கட்டிலோடு கிடந்தார். பெர்னார் ஒருநாள் செல்லதுரையைக் கூட்டிப்போய், நிறுத்திவைத்த மெஷினைக் காட்டினார். செல்லதுரை பார்த்தார். பிறகு பார்க்காதவராகத் திரும்பி வந்தார்.

காத்தாயி மனுப் போட்டாள். திருச்சியிலிருந்து ஓர் அதிகாரி ஆலையின் விருந்தினர் மாளிகைக்கே வந்து, கோழிக் குழம்போடு சாப்பிட்டு, நடுநிலையோடு விசாரித்தார். பெர்னாரும், அவருக்குத் தமிழை மொழிபெயர்க்கச் செல்லதுரையும் அழைக்கப்பட்டிருந்தார்கள்.

"வம்பெல்லாம் பேசப்படாதும்மா. மெஷின் ஓடலைன்னு யார் சொன்னா?"

"நான் பேசுறது வம்பாவே இருக்கட்டுங்க. மாட்டுனவரு இதோ நிக்கிறாரே, அவரக் கேளுங்க."

செல்லதுரை மொழிபெயர்த்ததும் பெர்னார் முன்னால் வந்தார். பூனையுமில்லை, அவரையுமில்லை. எளிய ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியம்:

"மெஷின் நிற்கிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நிறுத்திவிட்டார்கள். இந்த அம்மா சொல்வது உண்மை."

மேனேஜருக்கு வியர்த்தது. அதிகாரிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அதுதான் அவருக்குச் சங்கடம். யாராவது காப்பாற்ற மாட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

"இவர் என்ன சொல்ல வர்றாரு, செல்லதுரை சார்?"

காத்தாயி செல்லதுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜரும்தான். காத்தாயியிடம் பள்ளிக்கூடம் எதுவும் இல்லை.

"இடியம் சார்" என்றார். "'மெஷின் நிற்கிறது'ன்னா, நிலைச்சு நிக்குது, உறுதியா இருக்குன்னு அர்த்தம். மிச்சம் பிடிக்கிறதுன்னா சிக்கனம்."

"அந்தம்மா சொல்றது உண்மைங்கறாரே?"

"லேடீஸ்க்கு மரியாதை குடுக்குறது பிரெஞ்சுப் பண்பாடு சார். நேரடியா அர்த்தம் எடுத்துக்கக் கூடாது."

காத்தாயி மடியை அவிழ்த்து மேசைமேல் மிளகாய்ப் பழத்தைக் கொட்டினாள். அத்தனையும் சாம்பல் பூத்திருந்தது. "இதுக்கும் வேற அர்த்தம் இருக்குங்களா, வாத்தியாரே?"

வாத்தியார் விட்டத்தைப் பார்த்தார். அதிகாரி கைக்குட்டையால் மேசையைத் துடைத்துவிட்டு, 'வதந்தி' என்று முடிவெழுதினார். ஆலைப் பள்ளியில் செல்லதுரைக்கு வேலை கிடைத்தது. அவர் மனைவி அம்சவள்ளி கணவரின் சட்டையில் படிந்த சிமெண்டை உதறி, "பெருமாளே!" என்று கோயில் திசை பார்த்துக் கும்பிட்டாள்.

செல்லக்கண்ணு தை பிறக்குமுன் போய்ச் சேர்ந்தார். அந்த வாரமே பெர்னாரையும் திருப்பி அனுப்பினார்கள். வழியனுப்ப வந்த செல்லதுரையிடம், ஜீப்பில் ஏறிய பிறகு அவர் கடைசிச் சந்தேகம் கேட்டார்:

"தெரிந்ததை உளறுபவனுக்கும், தெரியாததைப் பேசுபவனுக்கும் சொல் கற்றுக்கொடுத்தீர்கள். நன்றி. பிறர் சொன்ன உண்மையைத் தெரிந்தே மாற்றிச் சொல்பவனை ஆங்கிலத்தில் எப்படி அழைப்பது?"

அந்தச் சொல் செல்லதுரைக்குத் தெரியும். தமிழிலும் தெரியும். அன்று காலை இழவு வீட்டு வாசலில் காத்தாயி அவர் முகத்துக்கு நேரே சொன்னது அதைத்தான்.

"லேட் ஆகிறது, முசே. ரயிலைப் பிடிக்க வேண்டும்" என்றார்.

கடைசிவரை அந்தச் சொல்லை அவர் எந்த மாணவனுக்கும் கற்றுத்தரவில்லை. இரகசியம் காப்பதென்றால் அப்படிக் காக்க வேண்டும்.