வலப்பக்கம் சாய்ந்த புதுக் கப்பல்

என் மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி பணிந்து எழுதுவது. இது யாரோ எழுதிக் கொடுத்தது இல்லை, நானே எழுதுகிறேன். எழுத்துகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும், சில கோட்டை விட்டு இறங்கியும் இருப்பதற்கு மன்னிக்கவும். இந்த ஐந்து வரிக்கு ஒரு காலைப்பொழுது ஆனது, ஆனாலும் மனசுக்கு அவ்வளவு சுகமாக இருக்கிறது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் நலம். உன் ரத்தக்கொதிப்பு இறங்கியதா?

நம் கடற்படையில் இதுவரை மூன்று கப்பல்கள் என்பது உனக்குத் தெரியும். ஒன்று ஓடும், ஒன்று ஓடுகிற கப்பலுக்கு உதிரிபாகம் கொடுக்கும், மூன்றாவதில் அலுவலகம் நடக்கும். இப்போது கடற்படையைப் புதுப்பிக்கிறார்கள். புதுக் கப்பல் ஒன்று வந்துவிட்டது, இது சரியாக இருந்தால் பின்னாலேயே நான்கு வரும். புதுக் கப்பலில் எதைத் தொட்டாலும் எழுத்து இருப்பதால், படிக்கத் தெரியாதவன் அதில் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். சாமான் ஏற்றும் மேஸ்திரியான எனக்கும் அலுவலகத்துத் தட்டச்சு அம்மா ஆறு மாதம் பாடம் எடுத்தார். தேறிவிட்டேன்.

அந்த ஓடுகிற பழைய கப்பல் இடப்பக்கம் சாயும். 'சாய்வு நாற்காலி' என்றுதான் அதற்குப் பெயர். அது நேராக நிற்பதற்காகப் பத்தொன்பது வருடமாக எட்டு டன் இரும்புக் கட்டிகளை வலப்பக்கம் அடுக்கி வைத்திருந்தோம், மாவு மூட்டை, எண்ணெய் டின் எல்லாமும் வலப்பக்கம்தான், உடம்பு கனத்த சமையல்காரரும் அந்தப் பக்கம்தான் படுப்பார். இந்த நிலையில், பழைய கப்பலில் உள்ளதை ஒன்று விடாமல் புதியதற்கு மாற்று என்று உத்தரவு வந்தது, நானும் ஒன்று விடாமல் மாற்றினேன், கை தானாக வலப்பக்கம் போயிற்று, இரும்புக் கட்டி உள்பட அத்தனையும் அங்கேயே அடுக்கி முடித்துச் சாமான் அறையைப் பூட்டிவிட்டுக் கப்பலின் வரவேற்பு விழாவுக்குப் போனால், கப்பல் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. மந்திரி தலையைச் சாய்த்துப் பார்த்தார். அதிகாரிகளும் சாய்த்தார்கள். புகைப்படக்காரர் கேமராவையும் சாய்த்துவிட்டதால் மறுநாள் பேப்பரில் கப்பல் நேராக இருக்கிறது, மந்திரிதான் சாய்ந்திருக்கிறார். அந்தச் செய்தியை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

கப்பல் கட்டிய கம்பெனியிலிருந்து இரண்டு இன்ஜினீயர்கள் கருவிகளோடு வந்தார்கள். கப்பலில் குறையில்லை, உங்கள் கடலில்தான் ஏதோ இருக்கிறது என்றார்கள். உடனே ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். குழு என் சாமான் அறையையும் திறந்து பார்த்தது. "மேஸ்திரி, அடுக்கினா இப்படி அடுக்கணும்" என்று குழுத்தலைவர் என் முதுகில் தட்டிவிட்டு, இனி யாரும் எதையும் தொடக்கூடாது என்று அறைக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

அதுவரை எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. சமையல்காரர்தான் கேட்டார்.

"ஏன் அண்ணே, இதுலயும் என்னை வலப்பக்கமே படுக்கப் போட்டிருக்கீங்க?"

"பழக்கம்தான்பா" என்று சொல்லி வாய் மூடவில்லை, எட்டு டன் இரும்புக் கட்டியும் அதே பழக்கத்தில் வலப்பக்கம் போனது உறைத்துவிட்டது.

"போய்ச் சொல்லிடலாமா அண்ணே?"

"சொல்லு. நாளைக்கு நீ வேற எங்கேயாவது அடுப்பு பத்த வெப்பே. எனக்கு அந்த அடுப்பும் கிடையாது."

கப்பலைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் குழு பதினேழு பக்கம் எழுதிவிட்டது. திங்கட்கிழமை கையெழுத்தாகும். இது திரும்பினால் மற்ற நான்கும் வராது. அதில் முதல் கப்பலில்தான் உன் மகனுக்கு, என் மருமகனுக்கு, வேலை ஆகியிருக்கிறது. இரண்டு நாள் யோசித்தேன் அக்கா. அவனுக்கு இருபத்திரண்டு வயது, வேறு வேலை கிடைக்கும். எனக்குக் கிடைக்காது. அதனால் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். உன்னிடம் மறைத்துப் பழக்கமில்லாததால் எழுதினேன், படித்ததும் கிழித்துவிடு. அத்தானுக்கு என் வணக்கம். மருமகன் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கட்டும், தரையில் ஏதாவது வேலை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: இங்கிருந்து போகும் கடிதத்தை உறையை ஒட்டாமல் வாசல் அலுவலகத்தில் கொடுக்க வேண்டுமாம், அங்கே படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்களாம். கடிதமே எழுதாதவனுக்கு இது எப்படித் தெரியும். பத்து மணிக்குக் கொடுத்தேன். பதினொன்றுக்குக் கேப்டன் கூப்பிட்டார். கையில் கடிதம்.

"மேஸ்திரி, இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

"பதினேழு பக்கத்துல இல்லாதது இதுல இருக்கு" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். கட்டிகளை இறக்கினோம், மூன்று மணிக்குக் கப்பல் நேராக நின்றது. தங்கள் முயற்சியால்தான் கப்பல் நிமிர்ந்தது என்று குழு பதினெட்டாம் பக்கம் எழுதுகிறது. நான்கு கப்பலும் வரும். மருமகனை நீச்சல் கற்றுக்கொள்ளச் சொல். என் வேலையும் இருக்கிறது, ஆனால் கேப்டன் ஒரு நிபந்தனை போட்டார். கப்பலில் நடப்பதை யாரும் தன்னிடம் சொல்வதில்லையாம், அதனால் நான் உனக்கு வாரம் ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். கப்பலில் காணாமல் போகும் டீசல் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள உனக்கு ரொம்ப நாளாக ஆசை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அதை அடுத்த வாரம் விவரமாக எழுதுகிறேன்.