தர்மாவின் இருபத்திரண்டு

"ஆறுதானா?" ரிப்போர்ட்டைப் பார்த்த காளியம்மா, கணவனின் மோட்டார் சைக்கிள் சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

வலிப்புக்காகச் சன்னாசி சாப்பிடுவது தூக்கம் தரும் மாத்திரை. இரத்தத்தில் அந்த மருந்து பதினைந்துக்கு மேல் இருந்தால்தான் மோட்டார் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கியும் ஆறு. பக்கத்து வீட்டுத் தர்மாவுக்கும் அதே வியாதி, அதே மாத்திரை. அவனுக்கு மட்டும் இருபத்திரண்டு!

"தர்மா அண்ணனைப் பாத்துக் கத்துக்குங்க."

சன்னாசிக்கு வயிறு எரிந்தது. இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பத்து காஜா பட்டணத்தில் ஒரே வரிசை வீடுகளுக்குக் குடிவந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் தொடங்கி எதிலும் தர்மாதான் முந்துவான். அதனால் கிளினிக்கில் இரத்தம் கொடுப்பதிலாவது சன்னாசி விட்டுக்கொடுப்பதில்லை. தர்மா எழுந்தாலே பாய்ந்துபோய் நாற்காலியைப் பிடித்துவிடுவான்.

"சரி, நீயே முதல்ல போ மச்சான்" என்று சிரித்துவிட்டுத் தர்மா அடுத்ததாகப் போய் உட்காருவான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் இன்னும் எரியும்.

"நீ எப்படிடா மாத்திரை போடுற?" என்று ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டான்.

"ஞாபகம் வந்தா போடுவேன்லா."

இவனுக்கா இருபத்திரண்டு? சன்னாசிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

டாக்டர் மாத்திரையை இரட்டிப்பாக்கினார். காளியம்மா வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கிப் பார்த்த பிறகே நகர்ந்தாள். சன்னாசி கொய்த்தியாவ் நூடுல்ஸ் தட்டின் மேலேயே குறட்டை விட்டான். அடுத்த ரிப்போர்ட் வந்தது. சன்னாசி ஐந்து, தர்மா முப்பத்தெட்டு.

"மருந்தை முழுங்குறது நானு, ஏறுறது அவனுக்கா?"

"பொறாமைப்படாதீங்க. டாக்டர் அவருக்கு மாத்திரையைப் பாதியாக் குறைச்சிட்டாரு, தெரியுமா?"

அவனுக்குப் பாதி, இவனுக்கு இன்னும் ஒன்று கூடுதல். சன்னாசி நின்றுகொண்டே தூங்கினான். குளிக்கப் போனவன் குளியலறையிலேயே தூங்கிவிட, கதவைத் தட்டித் தட்டிக் காளியம்மாவின் கை வீங்கிப்போனது. மூன்றாவது ரிப்போர்ட்டில் சன்னாசிக்கு மூன்று. தர்மாவுக்கு நாற்பத்து நான்கு.

"மோட்டாரை வித்துடலாம்" என்றாள் காளியம்மா.

அவ்வளவுதான். அந்தப் பழைய மோட்டார்தான் சன்னாசியின் உயிர். ரிப்போர்ட்டைச் சுருட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, இரத்தம் எடுக்கும் அறைக்குள் புகுந்தான். நர்ஸ் ஷர்மினி, அடுத்த ஆளின் பெயர் ஒட்டிய குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ்ஸி, ஒங்க மெஷின் ரோசாக்லா, கெட்டுப்போச்சு! காலையில மாத்திரை போடாம வா, ரத்தம் எடுத்தப்புறம் போடுன்னு சொன்னீங்க. அப்படியேதான் செஞ்சேன். எனக்கு எப்படி மூணு வரும்?"

ஷர்மினி ரிப்போர்ட்டை வாங்கி, மேலே இருந்த பெயரைப் படித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் பெயரைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்கதான் சன்னாசியா? மூணு தடவையும் நான் 'தர்மா'ன்னு கூப்பிட்டப்ப முதல் ஆளா ஓடி வந்து கையை நீட்டுனது நீங்கதானே!"